அக்கரை ரூபா, இக்கரை ரூபாய்: வாசகர் கேள்வி - பதில்

(ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் பணத்தின் மதிப்பைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே. கணக்குப் போட்டுக் காட்டும் இடங்களில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபா என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் படிக்கும் நாளில் விலை சற்று முன்பின் இருக்கலாம்.)

தங்கச்சிமடம் வாசகர்: யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் போனில் பேசும்போதெல்லாம், "எங்க ஒரு ரூபாய் உங்க மூணரை ரூபாய்டா" என்று வம்பிழுப்பேன். போன வாரம் அவன், "உங்கட காசு எங்கட காசுக்குக் கீழ கிடந்த காலமும் இருந்தது, தெரியுமோ?" என்று கேட்டுவிட்டான். உண்மையா, சும்மா விடுகிறானா?

உண்மை. அடுத்த முறை பேசும்போது நீங்களே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

முதலில் இரண்டும் வேறு வேறு பணமே இல்லை. 1836-இல் இலங்கையில் இந்திய ரூபாயை அடிப்படை நாணயமாக அறிவித்தார்கள். 1872-இல் அங்கே ரூபாவை 100 சதமாகப் பிரித்தார்கள். நாம் 1957 ஏப்ரல் 1 வரை 16 அணா, 64 பைசா, 192 தம்படி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். சில்லறைக் கணக்கில் அக்கரை நம்மைவிட 85 ஆண்டு முந்திக்கொண்டது. சில்லறைதான் வேறு, ரூபாய் ஒன்றுதான். 1884-இல் ஏற்பட்டு இலங்கையில் நோட்டு வெளியிட்ட நாணய வாரியம் இந்திய ரூபாய்க்குச் சரிசமமாகவே விலையை வைத்திருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போன காலத்தில், அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கியவருக்கு மாற்று விலை என்ற தலைவலியே கிடையாது. நூறுக்கு நூறு.

இலங்கையின் மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28-இல் தொடங்கியது. அதன்பிறகும் சமநிலை நீடித்தது. 1949-இல் பிரிட்டனின் பவுண்டோடு சேர்ந்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தன. டாலருக்கு 4.76 என்பதுதான் இரு நாட்டுக்கும் விலை.

1966 ஜூன் 6-இல் இந்தியா தன் ரூபாயை 4.76-லிருந்து 7.50-க்கு இறக்கியது. இலங்கை அசையவில்லை. அன்றிலிருந்து அதிகாரபூர்வ விலையில் 100 இலங்கை ரூபாவுக்கு 157 ரூபாய் 50 காசு இந்தியப் பணம். 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி விழுந்தபோது இலங்கை 20 சதவீதம் குறைத்து 5.95-க்கு வந்தது. அந்த முறை இந்தியா அசையவில்லை. அப்போதும் அவர்களுடைய நூறு நம்முடைய 126.

ஆனால் 1968 மே மாதம் இலங்கையில் இரட்டை விலை வந்தது. அரிசி, மாவு போன்ற அத்தியாவசியச் சரக்குக்குப் பழைய விலை. மற்றவற்றுக்கு அந்நியச் செலாவணிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு 44 சதவீதம் கூடுதல். 5.95-ஐ அப்படி ஏற்றினால் 8.57 வருகிறது. நம் 7.50-ஐவிடக் கீழே போயாயிற்று. ஆகவே உங்கள் தம்பி சந்தேகமில்லாமல் உரிமை கொண்டாடக்கூடிய காலம் 1966 ஜூன் முதல் 1968 மே வரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவு. அதற்குமேல் பேசினால் "சான்றிதழ் விலையைச் சொல்" என்று மடக்கலாம். 1977 நவம்பரில் இலங்கை இரட்டை விலையை ஒழித்து டாலருக்கு 16 என்று ஒரே விலையில் அவிழ்த்துவிட்டது. நம் ரூபாய் அப்போது ஒன்பதுக்குள் இருந்தது. அன்று தொடங்கிய இடைவெளிதான் இன்றுவரை தொடர்கிறது.

பாம்பன் வாசகர்: ஒன்றுக்கு மூன்றரை என்றால் நாம் அவர்களைவிட மூன்றரை மடங்கு வசதி என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஜப்பானின் யென் ஒன்றுக்கு நம் பணம் ஒரு ரூபாய்கூடத் தேறாது. அதனால் ஜப்பான்காரர் நம்மைவிட ஏழையா? கிலோவில் நிறுத்தால் 1, கிராமில் நிறுத்தால் 1,000. மீன் ஒன்றுதான்.

தலைக்கு எவ்வளவு வருமானம் என்று டாலரில் பார்த்தால் இலங்கைதான் முன்னால் நிற்கிறது. 2023-இல், பொருளாதார நெருக்கடியிலிருந்து சரியாக மீளாத நிலையிலும், அங்கே சுமார் 3,800 டாலர். இந்தியாவில் சுமார் 2,500.

போட்டி வைத்தே தீர வேண்டும் என்றால் எண்ணை வைத்து வைக்காதீர்கள், ஓட்டத்தை வைத்து வையுங்கள். ஒருவர் 10,000 இலங்கை ரூபாவை டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார் என்று எடுத்துக்கொள்வோம். 2021 கடைசியில் டாலர் அங்கே 200-ஐ ஒட்டி, இங்கே 74-ஐ ஒட்டி. பெட்டியில் இருந்தது நம் பணத்தில் சுமார் 3,700. 2022 மார்ச்சில் டாலர் விலையைப் பிடித்து வைத்திருந்ததை இலங்கை விட்டுவிட்டது, மே மாதத்தில் டாலர் 360-ஐத் தொட்டது. பெட்டியில் இருந்த அதே நோட்டுக்கட்டு 2,150 ஆகச் சுருங்கியது. தனுஷ்கோடி மணல்திட்டுகளில் அக்கரைக் குடும்பங்கள் வந்து இறங்கியது அந்த மாதங்களில்தான். 2024 கடைசியில் டாலர் அங்கே 293-க்கு இறங்க, இங்கே 85-ஐத் தாண்டியது. கட்டு மறுபடி 2,900 ஆயிற்று. 2022 மே முதல் 2024 டிசம்பர் வரையிலான ஓட்டத்தில் ஜெயித்தது இலங்கை ரூபா. தங்கச்சிமடம் வாசகரின் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு இதையும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

மண்டபம் வாசகி: இங்கே விலைவாசி கூடவா, அங்கே கூடவா என்று வீட்டில் ஓயாத சண்டை. எப்படித் தீர்ப்பது?

ஒவ்வொரு சாமானுக்கும் அங்கத்து விலையை இங்கத்து விலையால் வகுங்கள். விடை மூன்றரைக்கு மேலே என்றால் அந்தச் சாமான் இங்கே மலிவு, கீழே என்றால் அங்கே மலிவு. ஒரு டீ இங்கே 15 ரூபாய், அங்கே 60 என்று வைத்துக்கொள்வோம். விடை 4, ஆகவே நம் டீதான் மலிவு. ஒரு கிலோ மீன் இங்கே 600, அங்கே 1,500 என்றால் விடை 2.5. மீன் அங்கே மலிவு. பத்துச் சாமானுக்காவது போடுங்கள், ஒரே நாள் விலையை வைத்துப் போடுங்கள். டீயையும் மீனையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் சண்டை தீராது, வேறு சண்டை தொடங்கும்.

ராமேஸ்வரம் வாசகர்: செய்தியில் "மீனவர்களுக்குத் தலா இலங்கை மதிப்பில் 50 லட்சம் அபராதம்" என்று வருகிறது. ஒரு சேனலில் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை. நாங்களே மனக்கணக்காகப் போட வழி உண்டா?

உண்டு. இலங்கைத் தொகையை இரண்டால் பெருக்கி ஏழால் வகுங்கள். 50 லட்சம் இரண்டால் பெருக்க 100 லட்சம், ஏழால் வகுக்க 14 லட்சத்து 28 ஆயிரம். இங்கிருந்து அங்கே என்றால் தலைகீழ்: ஏழால் பெருக்கி இரண்டால் வகுப்பது.

சேனலுக்குச் சேனல் தொகை மாறக் காரணம், எந்த நாள் விலையைப் போட்டார்கள் என்பது. 2022-இன் விலையை மனதில் வைத்திருப்பவர் இதே 50 லட்சத்தை 11 லட்சத்துக்கும் கீழே சொல்லிவிடுவார். மூன்றரை லட்சம் வித்தியாசம், வட்டிக்கு வாங்கிக் கட்டும் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. பணம் புரட்டும்போது இலங்கை ரூபாவில் உள்ள தொகையை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நீதிமன்றம் கேட்பது அதைத்தான். அனுப்பும் நாளன்று வங்கி சொல்லும் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து நம் தொகையைக் கணக்கிடுங்கள். விலை ஏறலாம் என்பதால் 5 சதவீதம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

தேவிபட்டினம் வாசகர்: குடும்பத்தோடு இலங்கை போகிறோம். நம் ரூபாயாகவே கொண்டுபோவதா, டாலராக மாற்றிக்கொள்வதா, இங்கேயே இலங்கை நோட்டு வாங்கிவிடுவதா?

கடைசி வழியை முதலில் தள்ளுங்கள். இலங்கை நோட்டுக்கு இங்கே கேட்பவர் குறைவு. விற்காமல் தங்கிவிடும் நோட்டின் நஷ்டத்தையும் மாற்றுக்காரர் உங்கள் தலையில்தான் வைப்பார். பலகையில் இரண்டு விலை இருக்கும்: அவர் வாங்கும் விலை, அவர் விற்கும் விலை. உங்களுக்குப் பொருந்துவது இரண்டில் மோசமானது எதுவோ அது என்று நினைத்துக்கொண்டால் தப்பாது.

10,000 ரூபாயை வைத்துப் பார்ப்போம். நடு விலைக்கு, அதாவது நாம் வைத்துக்கொண்ட மூன்றரைக்கு, 35,000 இலங்கை ரூபா கிடைக்க வேண்டும். பணமாற்றுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதில் 18 சதவீதம் வாங்குவது வழக்கம். சேவை மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையாது என்பதால் குறைந்தபட்ச வரி 45 ரூபாய். அதாவது 5,000 மாற்றினாலும் 45, 25,000 மாற்றினாலும் 45. மூன்று தடவையாக மாற்றினால் மூன்று 45. ஆகவே ஒரே தடவையில் மாற்றுங்கள்.

மீதி 9,955. இலங்கை ரூபா ஒன்றை அவர் 32 காசுக்கு விற்கிறார் என்றால் கையில் வருவது 31,109. அதே 9,955-க்கு டாலரை 86.50 விலையில் வாங்கினால் 115 டாலர், ஏழரை ரூபாய் மிச்சம். அதை அங்கே போய் 294-க்கு மாற்றினால் 33,810. இரண்டு தடவை மாற்றியும் 2,700 ரூபா லாபம். டாலரில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறுகல் என்பதுதான் காரணம். இந்த விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் நாளில் பலகையில் இருப்பதைப் போட்டு இதே வரிசையில் கணக்கிடுங்கள்.

நம் ரூபாயாகவே கொண்டுபோகவும் செய்யலாம். ஆளுக்கு 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டு எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. அங்கே இறங்கியதும் மாற்றுக்கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பத்தாயிரத்துக்குக் கையில எவ்வளவு தருவீங்க?" 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம், கமிஷனை விலைக்குள் ஒளித்திருப்பார்கள். 33,810-க்கு மேல் கிடைத்தால் ரூபாயே லாபம், கீழே என்றால் டாலர்.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டாலர் நோட்டில் பேனாக் கிறுக்கல், சிறு கிழிசல், மடித்த இடத்தில் வெடிப்பு இருந்தால் அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே வாங்கும்போதே கவுன்டரில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், அப்போதுதான் மாற்றித் தருவார்கள். 1, 5 டாலர் நோட்டுகளுக்குப் பல கடைகளில் விலை குறைவு. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ டாலர் வாங்கினால் ரொக்கம் கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும். நோட்டாகக் கையில் கொண்டுபோகும் வெளிநாட்டுப் பணம் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் கூடாது. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடையா என்று பார்த்து, பாஸ்போர்ட், டிக்கெட் காட்டி, ரசீதோடு வாங்குங்கள். ரசீது இல்லாத டாலருக்கு விமான நிலையத்தில் பதில் சொல்வது சிரமம்.

கார்டு தேய்த்தால் மெஷின் "இந்திய ரூபாயிலா, இலங்கை ரூபாவிலா?" என்று கேட்கும். நம் பணத்தில் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று முதலாவதை அழுத்துபவர்கள்தான் அதிகம். அழுத்தினால் மாற்று விலையைக் கடைக்காரரின் வங்கி வைக்கும், அது அநேகமாக உங்களுக்குப் பாதகம். இலங்கை ரூபாவையே அழுத்துங்கள்.

பாம்பன் வாசகி: அங்கே ஜிபே, போன்பே வேலை செய்யுமாமே?

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யு.பி.ஐ. உண்டு. லங்கா க்யூஆர் (இலங்கையின் பொதுவான க்யூஆர் குறியீடு) ஒட்டியிருக்கும் கடைகளில் முயலலாம். வெளிநாட்டுப் பணப்பரிமாற்ற வசதியைச் செயலியின் அமைப்புகளுக்குள் போய் முன்கூட்டியே திறக்க வேண்டும், இங்கே வீட்டில் சிக்னல் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ரகசிய எண் போடும் முன் திரையில் ரூபாய்த் தொகை தெரியும். அதை ஏழு பெருக்கி இரண்டால் வகுத்துக் கடைக்காரர் சொன்ன தொகையோடு ஒத்துப்பாருங்கள்.

வேதாளை வாசகர்: காசு மதிப்புக் குறைந்த ஊருக்கு இங்கிருந்து மஞ்சளைக் கடத்தினார்களே, என்ன லாபம் இருக்க முடியும்?

அது நாணய விலையின் லாபம் இல்லை, தடையின் லாபம். 2020-ஐ ஒட்டி இலங்கை டாலரை மிச்சப்படுத்த மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அங்கே விளைவது போதவில்லை, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. மூன்றரையால் வகுத்தாலும் இங்கத்து விலையைவிடப் பல மடங்கு. கரையோரத்தில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டதற்கு அதுதான் காரணம். நாணயம் மலிந்தால் பொதுவாக அந்த ஊரிலிருந்து சரக்கு வெளியே போவது கூடும், உள்ளே வருவது குறையும். எதிர்த் திசையில் கடத்தலாக ஓடினால் நடுவில் ஏதோ ஒரு சட்டம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொண்டி வாசகர்: ஒரு மச்சான் சிங்கப்பூரில், இன்னொருவர் மலேசியாவின் ஜோகூர் பாருவில். இருவரும் சம்பளத்தை "வெள்ளி" என்றே சொல்கிறார்கள், ஜோகூர்க்காரர் அனுப்பி ஊருக்கு வரும் பணம் மட்டும் மூன்றில் ஒரு பங்காக இருக்கிறது. இரண்டும் ஒரே வெள்ளி இல்லையா?

இருந்தது. 1967-இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டாலும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1973 மே மாதம் மலேசியா விலகியது. புருணை விலகவில்லை, இன்றும் சிங்கப்பூர் நோட்டும் புருணை நோட்டும் சரிசமம். மலேசியாவின் ரிங்கிட்டோ, ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் 1981 முதல் வட்டியை வைத்து அல்ல, நாணய விலையை வைத்தே விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது, மெல்ல மெல்ல ஏறவும் விடுகிறது. மலேசியா 1998 நெருக்கடியில் டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டு 2005-இல்தான் அவிழ்த்தது.

ஜோகூர் மச்சானை மட்டமாகப் பேசிவிடாதீர்கள். வாடகையையும் சாப்பாட்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதைக் கேளுங்கள். பாருவில் குடியிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம், அவர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்தவர்கள்.

கீழக்கரை வாசகி: எங்கள் பெரியம்மாவின் பெட்டியில் பழைய பத்து ரூபாய் நோட்டு, சிவப்பு நிறம், எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'இசட்' எழுத்து. கள்ள நோட்டா?

வளைகுடா ரூபாயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன் பக்கம் ஒரு காலத்தில் நம் ரூபாய்தான் செலாவணி. தங்கக் கடத்தல் வழியாக அந்நியச் செலாவணி கரைகிறது என்று 1959-இல் அந்தப் பகுதிக்கு மட்டும் நிறம் மாற்றி, 'இசட்' போட்டுத் தனி நோட்டு அடித்தார்கள். ஹஜ் பயணிகளுக்கு 'ஹெச்.ஏ.' எழுத்தோடு இன்னொரு வகை. குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் சொந்த தினாருக்குப் போய்விட்டன. மற்றவர்களை விரட்டியது முதல் பதிலில் சொன்ன அதே 1966 ஜூன் 6: ஒரே நாளில் கையிருப்பின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் யார் இருப்பார்கள்? ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது.

கடையில் செல்லாது, சேகரிப்பாளரிடம்தான் மதிப்பு. மடிப்பை நீக்க இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், பாதி விலை அங்கேயே போய்விடும். ஒட்டும் வகைப் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். வெறும் வெள்ளைத் தாளுக்குள் வைத்துத் தட்டையாக, உப்புக்காற்று படாத அலமாரியில் வையுங்கள்.

ஏர்வாடி வாசகர்: நம் ஒரு ரூபாய்க்கு நேபாள ரூபாய் மட்டும் 1.60-லேயே நிற்கிறதே, எப்படி?

1993 பிப்ரவரியில் கட்டிய முடிச்சு, இன்னும் அவிழ்க்கவில்லை. பூடான் நாணயம் நமக்குச் சரிசமம். நம் ரூபாய் டாலருக்கு எதிரே இறங்கினால் இரண்டும் கூடவே இறங்கும். போட்டி போட அவர்களுக்கு வழியே இல்லை.

ராமநாதபுரம் வாசகர்: 'சேது' என்று பொறித்த செப்புக்காசு இலங்கையில் கிடைக்கிறதாமே, நம் சேதுபதி மன்னர்களுடையதா?

அவை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் என்ற மன்னர்களின் காசுகள். காளை உருவமும் கீழே தமிழில் 'சேது' என்ற எழுத்தும் இருக்கும். பெயர் நம் கரையுடையது, அச்சடித்தது அக்கரை. 'துட்டு' என்ற சொல்லும் அப்படித்தான்: டச்சுக்காரரின் 'டொய்ட்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது.

தேவிபட்டினம் வாசகர் (மறுபடியும்): திரும்பி வரும்போது மிஞ்சினால்?

இலங்கை நோட்டாக இருந்தால் அங்கேயே, மாற்றிய ரசீதைக் காட்டித் திரும்ப மாற்றிவிடுங்கள். இங்கே கொண்டுவந்தால் வாங்கும் விலை இன்னும் மோசம். டாலர் மிஞ்சினால் 2,000 டாலர் மதிப்பு வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ மாற்றுக்கடையிலோ கொடுத்துவிட வேண்டும். சில்லறை நாணயங்களுக்கு வரம்பு கிடையாது, ஆனால் எந்தக் கவுன்டரும் அவற்றை வாங்காது. பையில் கிடக்கும் பத்து ரூபா, இருபது ரூபா நாணயங்களைச் சேர்த்துக் கொடுத்து, விமானம் ஏறும் முன் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.